அழகுக்கு நட்ட மரம்



போன தீபாவளிக்குப் பத்தாங் பெர்ஜுந்தையில் அக்கா வீட்டில் இருந்தேன். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று 2007லேயே பெயர் மாற்றிவிட்டார்கள். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா, எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன். அக்கா மகன் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் அப்படிப் பணிவாக வந்து உட்கார்ந்தால் காசு கேட்கப் போகிறான் என்று பொருள்.

"மாமா, ஒரு 50 வெள்ளி இருக்குமா? என் ஆளுக்கு ஷூட்டிங் ஏத்தணும்."

"யாருடா உன் ஆளு?"

திரையைக் காட்டினான். அவன் முகச்சாயலிலேயே ஒருவன், ஆறரை அடி உயரம், அமெரிக்கக் கூடைப்பந்து அரங்கில் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். ஆட்டத்தின் பெயர் என்பிஏ டூகே. அந்த ஆள் குறி தவறாமல் பந்து போட வேண்டுமென்றால் இரண்டு வழி. ஆடி ஆடிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். இல்லை, விசி என்கிற விளையாட்டுக் காசை நிஜக் காசு கொடுத்து வாங்கலாம். ஏற்கெனவே 200 வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய கேம் அது. நெல்லை விற்றவன் உமிக்குத் தனியாகக் காசு கேட்பதுபோல இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

"பிடிக்கலைன்னா வேற கூடைப்பந்து கேம் வாங்கி ஆடேன்" என்றேன்.

என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "வேற எது இருக்கு மாமா?"

அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு. ஏனென்றால் நான் அவன் வயதில் இருந்தபோது வேறு ஒன்று இருந்தது. சொல்லப்போனால் அது மட்டும்தான் இருந்தது.

சனிக்கிழமை மதியம் தோட்டத்திலிருந்து சைக்கிளை மிதித்துப் பட்டணத்துக்கு வருவோம். சைபர் கடையில் மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. தோட்டத்துப் பையன்கள் எல்லாரும் துப்பாக்கி ஆட்டத்திலோ, பக்கத்துக் கடையில் 'வின்னிங்' ஆட்டத்திலோ இருப்பார்கள். வின்னிங் இலெவன் என்ற ஜப்பான் கால்பந்து கேமைத்தான் அப்படிச் செல்லமாகச் சொல்வோம். மூலையில் ஒரு கணினியில் மட்டும் என்பிஏ லைவ். கூடைப்பந்து நம் பிள்ளைகளின் ஆட்டமே இல்லை. எங்கள் திடலில் நின்றவை கோல் கம்பங்கள்தான். கூடைப்பந்துக் களம் சீனப்பள்ளியில் இருந்தது. என்னோடு படித்த சீனப் பையன் ஒருவன் சொல்லிக்கொடுத்துத்தான் நான் லைவ் ஆடினேன். அவன் நிஜக் களத்திலும் ஆடினான், நான் திரையில் மட்டும்.

லைவ், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சரக்கு. முதல் பதிப்பு 1994இல் வந்தது, பெயர் லைவ் 95. பிறகு வருடத்துக்கு ஒன்று. வேடிக்கை என்னவென்றால், தன் எதிரியை அந்தக் கம்பெனியே வளர்த்துவிட்டது. 1990களின் கடைசியில் சேகா கம்பெனி ட்ரீம்காஸ்ட் என்ற விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது. அதற்குக் கேம் செய்து தர மாட்டோம் என்று எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மறுத்துவிட்டது. அமெரிக்காவில் பந்தாட்டம் இல்லாத பெட்டியை யார் வாங்குவார்கள்? சேகா வேறு வழியில்லாமல் விஷுவல் கான்செப்ட்ஸ் என்ற தன் குழுவை வைத்துச் சொந்தமாகச் செய்துகொண்டது. 1999இல் வந்த அந்தக் கேம்தான் முதல் டூகே. அட்டையில் ஆட்டக்காரர் ஆலன் ஐவர்சன். ட்ரீம்காஸ்ட் இரண்டே ஆண்டில் செத்துப்போனது, கேம் பிழைத்துக்கொண்டது. 2005 ஜனவரியில் டேக்டூ என்ற கம்பெனி அந்தக் குழுவை வாங்கியது. 2 கோடியே 40 லட்சம் டாலர். இன்றைய கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட இலவசம்.

2007இல் வந்த லைவ் 08தான் கணினிக்கு வந்த கடைசி லைவ். அடுத்த வருடமே டூகே முதன்முறையாகக் கணினிக்கு வந்தது. வீட்டில் ப்ளேஸ்டேஷன் இல்லாத, சைபர் கடையை நம்பியிருந்த பையன்களைத் தட்டில் வைத்து எதிரியிடம் கொடுத்த மாதிரி. எங்கள் மூலைக் கணினியிலும் அதுதான் நடந்தது. ஒருநாள் போனபோது டூகே இருந்தது. யாரும் வருத்தப்பட்டதாக நினைவில்லை.

ஆனால் கதை முறிந்தது 2010இல். அந்த வருடம் லைவ் என்ற பெயரையே தூக்கிப்போட்டுவிட்டு என்பிஏ எலீட் 11 என்று புதிதாக இறங்கினார்கள். பொத்தானை அமுக்கினால் பதிவு செய்து வைத்த அசைவு ஓடும் பழைய முறை வேண்டாம், ஆடுகிறவன் விரல்தான் பந்தை எறிய வேண்டும் என்று எண்ணினார்கள். நல்ல எண்ணம். செப்டம்பரில் மாதிரிப் பதிப்பு வெளியானது. அதில் லேக்கர்ஸ் அணியின் ஆண்ட்ரூ பைனம், ஏழடி மனிதர், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியபடி களத்தின் நட்டநடுவே அசையாமல் நிற்கிறார். அவரைச் சுற்றி ஆட்டம் பாட்டுக்கு நடக்கிறது. வயலில் நட்ட சோளக்கொல்லைப் பொம்மைக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லை. உலகமே அந்தக் காட்சியைப் பரப்பிச் சிரித்தது. நவம்பரில் கேமையே ரத்து செய்தார்கள். அதற்குள் அச்சாகி வெளியே நழுவிய சில தட்டுகளை இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்துத் தேடுகிறார்கள்.

அதே வருடம் அக்டோபரில் டூகே என்ன செய்தது தெரியுமா? மைக்கேல் ஜோர்டனை அட்டையில் போட்டு, அவர் வாழ்க்கையின் 10 புகழ்பெற்ற ஆட்டங்களை நாமே ஆடிப் பார்க்கும்படி வைத்தது. ஒரு பக்கம் ஜோர்டன், இன்னொரு பக்கம் கையை விரித்து நின்ற பைனம். அதன் பிறகு போட்டி என்று சொல்ல எதுவும் இல்லை.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லைவ் 13 ரத்து. லைவ் 14 வந்தது, திட்டு வாங்கியது. லைவ் 15, லைவ் 16 வந்தன. ஒரு வருடம் விட்டு, 2017இல் லைவ் 18. அடுத்த வருடம் லைவ் 19. இந்தக் கடைசி இரண்டும் பரவாயில்லை ரகம். 2019 அக்டோபரில் லைவ் 20 ரத்து. அதன்பின் வீட்டுப் பெட்டிகளுக்கு லைவ் வரவே இல்லை.

ஏன் இவ்வளவு கஷ்டம்? கால்பந்து கேமில் 22 பேர், பெரிய திடல், கேமரா எங்கோ உயரத்தில். ஆள் கட்டைவிரல் அளவுதான் தெரிவான். கூடைப்பந்தில் மொத்தமே 10 பேர், சின்னக் களம், கேமரா முகத்துக்குக் கிட்டே. கால் தரையில் ஓர் அங்குலம் வழுக்கினால் போதும், பொய் என்று கண் சொல்லிவிடும். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பந்து எறியும் பாணி கைரேகை மாதிரி. ஸ்டீபன் கரி எறிவதை நிழலில் பார்த்தாலும் ரசிகன் சொல்வான். இந்த அசைவுகளை நடிக்கவைத்துப் பதிவு செய்து, வருடா வருடம் சேர்த்து வைத்த களஞ்சியம் டூகேயிடம் இருக்கிறது. லைவ் செய்யும் வேலையோ நடுவில் கனடாவிலிருந்து ஃபுளோரிடாவுக்குக் கைமாறியது. தோட்டம் கைமாறினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். எந்த நிரையில் தண்ணீர் நிற்கும் என்று பழைய மண்டோருக்குத் தெரியும், புதிதாக வந்தவர் கால் புதைந்துதான் கற்றுக்கொள்வார்.

அப்படியானால் லைவ் மறுபடி வந்தால் ஜெயிக்க முடியுமா? டூகே செய்வதையே டூகேயைவிட நன்றாகச் செய்து ஜெயிக்க முடியாது என்பது என் கணிப்பு. இதைச் சொல்ல எனக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். எங்கள் ஊர் தெனாமாரம் தோட்டம் போதும். பெயரைச் சொன்னாலே நம் காதில் தென்னைமரம் என்றுதான் விழும். ஆனால் அந்தத் தோட்டத்தின் புகழ் தென்னையால் வந்ததில்லை.

செம்பனை மலாயாவுக்கு 1870களிலேயே வந்துவிட்டது. வந்தது எதற்கு? பூங்காவில் அழகுக்கு. அப்போது பணம் காப்பியில், பிறகு கித்தாவில். கோலசிலாங்கூர் ரந்தாவ் பாஞ்சாங்கில் ஆன்ரி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் தோட்டம் வைத்திருந்தார். பின்னால் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு வாங்கியவர் இவர்தான். சுமத்ராவிலிருந்து வந்த செம்பனை விதைகளை அவரும் முதலில் பாதையோரத்தில் அழகுக்குத்தான் நட்டார். பிறகுதான் அவருக்கு இதுவே பயிர் என்று பட்டது. 1917இல் தெனாமாரத்தில் நட்டார். இந்த நாட்டில் வாணிபத்துக்காக நட்ட முதல் செம்பனை அதுதான். கித்தா ராஜாவாக இருந்த காலம். இருப்பதைவிட நல்ல கித்தா மரம் நடுகிறேன் என்று அவர் போட்டிக்குப் போகவில்லை. எல்லாரும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போன மரத்தை நிரை பிடித்து நட்டார். எண்பது வருடம் கழித்துச் சுற்றிப் பார்த்தால் கித்தாவைத் தேட வேண்டியிருந்தது.

லைவ் கையிலும் அப்படி அழகுக்கு நட்ட மரம் ஒன்று இருந்தது. அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தின் எல்லா அணிகளையும் முதன்முதலில் ஒரு கேமில் சேர்த்தது லைவ் 18. அடுத்த வருடம் பெண் ஆட்டக்காரியை நாமே உருவாக்கி ஆடவும் வழி செய்தார்கள். டூகேயில் பெண்கள் அணிகள் வந்தது அதற்குப் பிறகு, 2019இல். இந்த ஒரு விஷயத்தில் லைவ் முந்தியது. ஆனால் லைவ் 18இல் அந்த அணிகளை வைத்து ஒற்றை ஆட்டம் ஆடலாம், அவ்வளவுதான். முழுப் பருவம் கிடையாது, வளர்வதற்கு ஒன்றும் கிடையாது. பாதையோர மரம். 2019இல் கேமை நிறுத்தியதோடு அதையும் பிடுங்கியாயிற்று. 2024இல் கெய்ட்லின் கிளார்க் என்ற பெண் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தாள், பெண்கள் கூடைப்பந்தைப் பார்க்கக் கூட்டம் குவிந்தது. குலை தள்ளும் நேரத்தில் மரம் இல்லை.

இன்னொரு கதவும் திறந்தே கிடந்தது. 2020 முதல் 2023 வரை வந்த டூகே பதிப்புகள் கணினிக்கு வரும்போது பழைய தலைமுறைப் பதிப்பாகவே வந்தன. புதிய பெட்டி வைத்திருப்பவனுக்கு ஒன்று, கணினி வைத்திருப்பவனுக்குப் பழைய சோறு. நான்கு வருடம்! லைவ் உயிரோடு இருந்திருந்தால், தான் கைவிட்ட அந்த மூலைக் கணினிப் பையன்களிடம் திரும்பிப் போயிருக்கலாம். இணையம் இல்லாமலே முழு ஆட்டமும் ஓடும் என்று ஒரு வாக்குக் கொடுத்தாலே போதும். மழை பெய்தால் இணைப்பு போகும் வீடுகளில் அதன் அருமை தெரியும்.

விலையைப் பற்றிக் கேட்பீர்கள். விலைக்கு வலு உண்டு. 2004இல் அமெரிக்கக் கால்பந்தில் டூகே தன் கேமை 20 டாலருக்கு விற்றது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தன் விலையைக் குறைத்தது. டிசம்பரில் அந்த ஆட்டத்தை நடத்தும் சங்கத்தோடு தனி உரிம ஒப்பந்தம் போட்டு எதிரியை வெளியே தள்ளியது. அவ்வளவு பயந்தது. ஆனால் மலிவு மட்டும் போதாது. நம் வின்னிங்கையே பாருங்கள். 2021 செப்டம்பரில் பெயரை இஃபுட்பால் என்று மாற்றி முழுக்க இலவசமாகவே விட்டார்கள். ஆட்டக்காரர்களின் முகம் கோணிக் கிடந்தது. எல்லாரும் இறக்கினார்கள், சிரித்தார்கள், அழித்தார்கள். வேகாத சோற்றை இலவசமாகப் போட்டாலும் வேகாத சோறுதான்.

வேகும்வரை காத்திருக்க முடியுமா என்பதுதான் சங்கதி. செம்பனைக் கன்று நட்டால் முதல் குலை வெட்ட ஏறக்குறைய மூன்று வருடம். அதுவரை களை எடுக்கணும், உரம் போடணும், சம்பளம் கொடுக்கணும், வரவு ஒன்றும் இருக்காது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஒவ்வொரு தடவையும் நட்டது, கொஞ்ச காலம் பார்த்தது, பிடுங்கியது. வருடா வருடம் கேம் விட்டே தீர வேண்டும் என்ற வழக்கம் முன்னால் ஓடுகிறவனுக்குச் சரி. பின்னால் வருகிறவன் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் மூச்சு வாங்கும்.

2025 ஜூனில் கல்லூரிக் கூடைப்பந்து கேமைத் திரும்பக் கொண்டுவரப் போவதாக எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ்காரர்கள் அறிவித்தார்கள். அவர்கள் அதைக் கடைசியாகச் செய்தது 2009இல். உடனே வரும் என்று அவசரப்படவும் இல்லை. இது புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் அன்றைக்கு அக்கா மகனிடம் சொன்னேனா என்றால், பாதிதான் சொன்னேன். அவன் 50 வெள்ளியை வாங்கியதும் காது திரைக்குப் போய்விட்டது. கதவோரத்தில் அவன் தங்கை நின்றிருந்தாள். பள்ளியில் வலைப்பந்து ஆடுகிறவள், வீட்டில் பந்தைக் கையால் தொடும் ஒரே ஆள்.

"மாமா, அதுல பொண்ணுங்க ஆடுறது இருக்கா?"

"இருக்கு" என்றான் அண்ணன், திரும்பாமலே. "ஆனா யாரும் அந்தப் பக்கம் போக மாட்டாங்க."

"நான் போறேன். குடு."

"இரு, இந்த ஆட்டம் முடியட்டும்."

திரையில் இன்னும் மூன்று நிமிடம் காட்டியது. கூடைப்பந்தில் மூன்று நிமிடம் என்றால் கால் மணி நேரம். அவள் சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டிருந்தாள்.