கலந்து பூத்த மலர்



கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். அவற்றுள் சிலவற்றுக்கு நம் அகராதிகள் தரும் பொருள் 'ஒரு பூ' என்பது மட்டுமே. பெயர் வாழ்கிறது, பூ எதுவெனத் துணிந்து சொல்வாரில்லை. பி. எல். சாமி போன்றோர் சங்க நூல்களின் செடிகொடிகளைத் தாவரவியல் நோக்கில் ஆராய்ந்து பல ஐயங்களை நீக்கினர். எனினும் எல்லாம் தீர்ந்தபாடில்லை. பாட்டில் வரும் பூவை அடையாளம் காணும் வழிக்கு ஆங்கில நாட்டு வரலாறு ஒன்று நல்ல சான்றாகும்.

சேக்சுபியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தில், அரசி தித்தானியா துயிலும் கரையை ஓபரான் வருணிக்கிறான். அங்கே 'ஆக்ஸ்லிப்' என்றொரு பூ வருகிறது. அது எந்தப் பூ? அந்நாட்டின் சுண்ணாம்புக்கல் மேடுகளில் வெயில்படும் புல்வெளியில் பூப்பது கௌஸ்லிப். உயர்ந்த ஒரே தண்டின் நுனியில் ஆழ்ந்த மஞ்சள் நிறச் சிறுபூக்கள் கொத்தாகத் தலைகவிழ்ந்து தொங்கும். மர நிழலில் பூப்பது பிரிம்ரோஸ். வெளிர்மஞ்சள் நிறம், அகன்ற இதழ், ஒவ்வொரு பூவுக்கும் தனிக் காம்பு. காடு முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பில் இவ்விரண்டும் அண்டை வீட்டாராகும்போது, பூச்சிகளின் வாயிலாக மகரந்தம் இடம்மாறி, அரிதாக ஒரு கலப்புச்செடி முளைக்கிறது. தண்டும் கொத்தும் கௌஸ்லிப்பினுடையவை. இதழின் அகலமும் வெளிறிய நிறமும் பிரிம்ரோஸ் தந்தவை. மக்கள் இதனை ஆக்ஸ்லிப் என்றனர்.

சிக்கல் என்னவெனில், கிழக்கு மாவட்டங்களின் ஈரக் காடுகளில், பார்டுபீல்டு என்னும் சிற்றூரை ஒட்டி, இதே சாயலில் வேறொரு செடியும் உண்டு. அதன் பூக்கள் அனைத்தும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். இரண்டும் ஒன்றே என வாதிட்டோர் பலர். சார்லசு டார்வின் செடிகளைத் தாமே கலந்து வளர்த்துப் பார்த்தார். பொதுவாக ஆக்ஸ்லிப் எனப்படுவது கலப்பினம், பார்டுபீல்டுச் செடி தனியினம் என்று 1868இல் லின்னியன் கழகத்தில் வாசிக்கப்பெற்ற தம் கட்டுரையில் நிறுவினார். மயில்கழுத்து நிறப் புடவையைக் கண்டதும் பாவு எந்நிறம், ஊடை எந்நிறம் எனப் பிரித்துரைக்கும் ஆரணி நெசவாளருக்கு இம்முறை புதிதன்று.

சேக்சுபியர் பிறந்து வளர்ந்த வார்விக்சயர் அந்தக் கிழக்குக் காடுகளுக்கு வெளியே உள்ளது. எனவே அவர் பாடியது கலப்பினமே எனக் கொள்வதுதான் பொருந்தும். ஐயத்தைத் தீர்ப்பது சொல்லாராய்ச்சி அன்று. பூ நின்ற நிலம். கபிலர் பூக்களையும் அகராதியில் மட்டும் தேடுவோர் இதனை எண்ணுதல் வேண்டும்.

நிலத்தை முதற்பொருளாக வைத்த தொல்காப்பியர், ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வந்தால் வந்த நிலத்துக்கு உரியனவாகும் என விதித்தார். கமண்டல நாகநதி பிறக்கும் சவ்வாது மலையில் புதர்புதராய் மண்டியிருக்கும் உண்ணிச்செடிக்குச் சங்கப் பெயர் இல்லை. அது வெப்பமண்டல அமெரிக்கச் செடிகளின் கலப்பில் உருவாகி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மஞ்சளாய் மலர்ந்து பின் சிவக்கும் அதன் பூவைக் குழந்தைகள் பறித்துத் தேன் உறிஞ்சுகிறார்கள்; அதன் அடர்த்தியிலோ மலைக்குரிய செடிகள் முளைக்க இடமின்றி மடிகின்றன. தொல்காப்பியர் விதிப்படி இதனையும் குறிஞ்சிப் பூவாகக் கொள்ளலாமா? கவிஞர்கள் விடை சொல்லட்டும்; அதற்குமுன் ஒருமுறை மலையேறிப் பார்த்துவரட்டும்.