பழைய பள்ளிகளும் திறந்த வெளிகளும்



பழைய நகரங்களில் எவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று வினவினால், கோயில், கோட்டை, அரண்மனை என்றே விடை வருகின்றது. பள்ளிக்கூடத்தை நினைப்பவர் சிலரே. நமக்கோ அதுவே முதன்மையானது. மற்றக் கதவுகள் மூடிக்கிடந்த காலத்தில், போராட்டத்திற்குப் பின்னரேனும் நமக்குத் திறந்தது பள்ளியின் கதவேயாகும்.

புனே நகரின் பழைய பகுதியில் பிடே வாடா என்னும் மாளிகை இருந்தது. 1848-இல் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் பெண்களுக்கான பள்ளியை அங்கேதான் தொடங்கினர். பிற்காலத்தில் அங்குக் கடைகள் வந்தன, கட்டடம் சிதைந்தது, வழக்கு பல்லாண்டுகள் நீண்டது. 2023-இல் தீர்ப்பு வந்தபின், நினைவகம் எழுப்புவதற்காக அக்கட்டடம் இடிக்கப்பட்டது. நினைவகம் எழுப்பலாம், அவர்கள் பாடம் சொன்ன சுவர்களை மீண்டும் எழுப்ப இயலாது. காலத்தே பழுது பார்த்திருந்தால் அவை இன்றும் நின்றிருக்கும்.

சதாரா நகரப் பள்ளியொன்றில் அண்ணல் அம்பேத்கர் 1900 நவம்பர் 7 அன்று சேர்ந்தார். அப்பள்ளியின் பதிவேட்டில் அவர் பெயர் இன்றும் காக்கப்பட்டுள்ளது. 2017 முதல் மகாராட்டிர அரசு அந்நாளை மாணவர் நாளாகக் கொண்டாடுகின்றது. பள்ளியில் தனியே கோணித் துண்டின்மேல் அமர்ந்ததையும், பியூன் குழாயைத் திறந்தாலன்றித் தண்ணீர் கிட்டாததையும் அண்ணலே எழுதியுள்ளார். இழிவு செய்த இடத்தை ஏன் காக்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கலாம். இழிவு நடந்ததற்கும் அதனை வென்று ஒருவர் எழுந்ததற்கும் அந்த இடமே சான்று. சான்று அழிந்தால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வோர் தோன்றுவர்.

கட்டடத்தைப் போன்றதே திடலும். நெருக்கமான தெருக்களில் வாழும் நம் பிள்ளைகள் ஓடியாட வேறு வெளி ஏது? வேலியற்ற திடல் முதலில் குப்பைமேடாகும். பின்னர்ப் பிறர் கைக்குப் போகும்.

ஆதலின் இளைஞர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியின் புல எண்ணையும் பரப்பளவையும் அறிந்து குறித்து வையுங்கள். பழைய சேர்க்கைப் பதிவேடுகள் கரையானுக்கு இரையாகாமல் காக்கத் தலைமையாசிரியருக்குத் துணை நில்லுங்கள். மழைக்கு முன்பே ஓடு மாற்றக் கோரி மனுக் கொடுங்கள். பொறியாளர் ஆபத்தென்று கூறிய கூரையின்கீழ் ஒரு பிள்ளையையும் அமரவிடாதீர்கள். பிள்ளைகளின் உயிரினும் கட்டடம் பெரிதன்று. அதே வேளையில், பழையது என்பதற்காக மட்டுமே இடிப்பதற்கும் இசையாதீர்கள்.

நம் முன்னோர் பாடுபட்டுப் பெற்ற இடம் அது. அதனை அடுத்த தலைமுறைக்குக் குறையாமல் ஒப்படைப்பது நம் கடன்.