முதல் இரவு



இந்த அறக்கட்டளை ஓர் ஆசிரியையின் நினைவாக ஏற்பட்டது. மாணவி ஒருத்தி வகுப்புக்கு வரவில்லையென்றால், அன்று மாலையே அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவாராம். அவரிடம் படித்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டதும், தேட யாரும் வராத ஓர் இரவைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஜெகதாப்பட்டினத்தில் படகேறும் நம் புதுக்கோட்டை மாவட்டத்து மீனவர்களுக்கு நெடுந்தீவுக் கடல் தெரியும். அதைத் தாண்டினால் இலங்கையின் புங்குடுதீவு. 2015 மே 13 காலை, உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி அங்கே பள்ளிக்குக் கிளம்பினாள். வீடு திரும்பவில்லை. புகாரை அங்கே முறைப்பாடு என்பார்கள். முறையிடல் என்கிற வலி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. முறைப்பாடு கொடுக்கப் போனபோது போலீஸார் அலட்சியமாகப் பேசினார்கள் என்று குடும்பத்தார் பின்னர் குற்றம் சாட்டினார்கள். மறுநாள் அவள் உடலைக் கண்டெடுத்தவர்கள் தேடிப்போன சொந்தக்காரர்களே. அவளைச் சிலர் கூட்டாகச் சேர்ந்து சீரழித்துக் கொன்றிருந்தார்கள்.

இலங்கையின் வடக்கு முழுவதும் கொந்தளித்தது. பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு வீதிக்கு வந்தார்கள். ஊரார் பிடித்துக் கொடுத்த சந்தேக நபர் ஒருவர் எப்படியோ கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். (அவர் தப்பிக்க உதவியதாக மூத்த போலீஸ் அதிகாரி ஒருவர் 2017இல் கைதானார்.) மே 20 அன்று யாழ்ப்பாண நீதிமன்ற வளாகத்தின் முன் திரண்ட கூட்டம் கல்லெறிந்தது, கண்ணீர்ப்புகை வெடித்தது, விசேட அதிரடிப்படை வந்து இறங்கியது. பெயருக்கு அது போலீஸ் பிரிவு. பயிற்சியும் ஆயுதமும் போர்க்களத்துக்கானவை. ஏறத்தாழ 130 பேர் கைதானார்கள். ஆர்ப்பாட்டங்களுக்கு நீதிமன்றம் தடை விதித்தது.

ஒரு பிள்ளையைத் தேட ஒரு ஜீப்கூட வரவில்லை என்று ஊரே குமுறிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரே வாரத்தில் ஒரு படையே வந்தது. என் மனம் ஆறாத இடம் இதுதான்.

துப்பாக்கியோடு சீருடைக்காரர்கள் வந்து நின்றால் யாழ்ப்பாணத்துக்கு என்ன நினைவு வரும்? 1996 செப்டம்பர் 7. வேதியியல் தேர்வு எழுதிவிட்டுச் சைக்கிளில் திரும்பிய 18 வயது மாணவியைச் செம்மணிச் சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் மறித்தார்கள். சீரழித்துக் கொன்றார்கள். அவளைத் தேடிப்போன தாய், தம்பி, அயல்வீட்டுக்காரர் மூவரும் உயிரோடு திரும்பவில்லை. 1998இல் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் 2015இல் வீதியில் நின்ற பிள்ளைகள் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

நீதிமன்றத்தின் மேல் கல்லெறிந்தது தவறு. இதை நான் மழுப்ப விரும்பவில்லை. அதே யாழ்ப்பாணத்தில்தான், மூன்று தமிழ் நீதிபதிகள் அமர்ந்த விசேட அமர்வு, 2017 செப்டம்பர் 27 அன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்து, இருவரை விடுவித்தது.

நம் நாடும் விலக்கல்ல. 2012 டிசம்பர் குளிரில், மாணவி ஒருத்திக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை எதிர்த்துத் திரண்ட டெல்லி இளைஞர்கள் மேல் போலீஸார் தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள். மெட்ரோ நிலையங்களை மூடினார்கள். அப்போது அமைந்த நீதிபதி வர்மா குழு ஒரே மாதத்தில் அறிக்கை தந்தது. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் உள்ள பகுதிகளில், பாலியல் குற்றம் செய்த படையினர்மீது வழக்குத் தொடர மத்திய அரசின் முன்னனுமதி தேவையில்லை என்று ஆக்கச் சொன்னது. அது நடக்கவில்லை.

நம் மாவட்டத்தில், 2020இல், அறந்தாங்கி அருகே ஏம்பலில் 7 வயதுச் சிறுமியை இதே கொடுமைக்குப் பறிகொடுத்தோம். ஆறே மாதத்தில் புதுக்கோட்டை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விரைவாக நடக்க முடியும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அந்த விரைவு முதல் இரவிலேயே வேண்டும். 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது: குழந்தையைக் காணவில்லை என்று வரும் ஒவ்வொரு புகாரையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும், கடத்தப்பட்டிருக்கலாம் என்றே கருதி விசாரணையைத் தொடங்க வேண்டும். காவல் நிலைய வாசலில் நிற்கும் தகப்பனிடம் “விடியட்டும், பார்க்கலாம்” என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. அந்த ஆணையைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, நகலெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போங்கள்.