பயிற்றுவித்த கொடுமை



இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையினர் கைதிகளை நடத்திய விதம் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். சாமுராய் மரபில் வந்தவர்கள், கொடுமை அவர்கள் இரத்தத்தில் ஊறியது என்று சொல்லிவிட்டு நகரும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை.

1904-05 ரஷ்ய–ஜப்பானியப் போரில் ஜப்பானிடம் பிடிபட்ட ரஷ்யர்கள் 70,000 பேருக்கும் மேல். ஜப்பானின் மட்சுயாமா நகரில் அவர்கள் நடத்தப்பட்ட கண்ணியத்தை மேலைநாட்டாரே பாராட்டினார்கள். முதல் உலகப் போரில் சீனாவின் சிங்தாவில் ஜப்பானியரிடம் சரணடைந்த ஜெர்மானியர்கள், 1918 ஜூனில் ஜப்பானின் பாண்டோ கைதிமுகாமுக்குள்ளேயே பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை இசைத்தார்கள். அதற்குப் பின் 25 ஆண்டுகள்கூட ஆகாமல் அதே நாட்டின் படை சயாம்–பர்மா ரயில்பாதையில் கைதிகளைப் பட்டினி போட்டு, அடித்து, காலராவுக்குப் பலிகொடுத்தது. இரத்தம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. மாறியது பயிற்சி.

அந்தப் பயிற்சி எதைக் கற்பித்தது என்று பாருங்கள். 1932இல் ஷாங்காய்ச் சண்டையில் காயமுற்று நினைவிழந்து சீனரிடம் பிடிபட்டார் ஜப்பானிய மேஜர் குகா நோபோரு. விடுதலையானதும் போரிட்ட இடத்துக்கே திரும்பிச் சென்று தன்னை மாய்த்துக்கொண்டார். அந்தச் சாவை நாடே கொண்டாடியது. போர்க்கைதிகள் பற்றிய 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டிருந்தும், அதற்கு இறுதி ஒப்புதல் தரவில்லை. 1941 ஜனவரியில் போர் அமைச்சர் தோஜோ வெளியிட்ட ‘செஞ்ஜின்குன்’ என்னும் படைநெறி, கைதியாகும் இழிவுக்கு உயிரோடு ஆளாகாதே என்று ஒவ்வொரு வீரனுக்கும் விதித்தது. பிழைத்திருப்பதையே குற்றமாகக் கற்றவன் கையில்தான் சரணடைந்த பல்லாயிரம் பேர் ஒப்படைக்கப்பட்டார்கள்.

பாசறை வாழ்வையும் பார்க்க வேண்டும். மேலதிகாரியின் கட்டளை பேரரசரின் கட்டளையே என்றது 1882ஆம் ஆண்டின் அரச ஆணை. புதிதாய்ச் சேர்ந்தவனை மூத்த வீரன் கன்னத்தில் அறைவது அன்றாட நடைமுறை. அந்த அடி படிப்படியாக இறங்கி, கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் கொண்டுவரப்பட்ட காவலர்களைத் தொட்டு, கடைசியில் கைதிமேல் விழுந்தது. இப்படிச் சொல்வதால் யாருடைய குற்றமும் குறைந்துவிடாது. ஜப்பானிடம் சிக்கிய பிரிட்டிஷ், அமெரிக்கக் கைதிகளில் 27 விழுக்காட்டினர் மாண்டார்கள் என்று போர்க்குற்றங்களை விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயம் பதிவுசெய்தது. ஜெர்மனி, இத்தாலி வசம் இருந்தவர்களில் அது 4 விழுக்காடு.

நம்மவர் கதை இந்தக் கணக்கில் இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் போர்க்கைதிகளாக எண்ணப்படவில்லை. படை மருத்துவரோ, தங்களுக்காக வாதாட அதிகாரியோ, பெயர்ப்பட்டியல் வைத்துக் கேட்க ஓர் அரசோ அவர்களுக்கு இருக்கவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் நேச நாட்டு வீரர்கள் ஏறத்தாழ 7,000 பேர் அடங்கியிருக்கிறார்கள். தமிழ்த் தொழிலாளருக்கு அப்படியோர் கல்லறைத் தோட்டம் இல்லை. எத்தனை பேர் மாண்டார்கள் என்பதே இன்றுவரை மதிப்பீடுதான்.

ஆகவே இம்மாநாட்டிடம் ஒரு வேண்டுகோள். மலேசியத் தோட்டக் குடும்பங்களில் ‘சயாம் மரண ரயில்’ பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகளைப் பெயர், ஊர், தோட்டம் குறித்துப் பதிவுசெய்ய ஒரு குழுவை நாளை மாலைக்குள் அமைத்துவிடுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.