திரியும் எண்ணெயும்

இரவுப் பணி முடித்து, காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே கண் அயரும் நர்ஸைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அவருக்காக அடுப்படி காத்திருக்கும்.

இப்படியே மாதக்கணக்கில் ஓடினால் மனசும் வற்றிப்போகும். நோயாளி கூப்பிட்டால் எரிச்சல் வரும். 'என்ன செய்து என்ன' என்று தோன்றும். இது சோம்பல் இல்லை. தீராத வேலை அழுத்தத்தால் வருகிற சோர்வு. 2019-ல் உலக சுகாதார நிறுவனமே இப்படித்தான் சொன்னது.

"தைரியமா இரும்மா" என்கிறோம். அகல் விளக்கு மங்கினால் திரியைத் தூண்டலாம். எண்ணெயே இல்லாவிட்டால்? திரிதான் கருகும். நர்ஸுக்கு எண்ணெய் என்பது முறையான ஓய்வு, போதுமான ஆட்கள், நேரத்துக்குச் சாப்பாடு. அதை ஊற்ற வேண்டியது ஆஸ்பத்திரி நிர்வாகம்.

நம்மால் முடிந்தது? "சிஸ்டர், சாப்பிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை. கேட்டுப் பாருங்கள்.