யார் கையெழுத்து?

தோழர்களே, 1998-ல எங்கம்மா கம்மலை அடகு வச்சுத்தான் நான் கம்ப்யூட்டர் படிச்சேன். ஒரு மெஷினுக்கு நாலு பேர். ஆறு மாசம் கழிச்சுக் குடுத்த சான்றிதழை எந்த ஆபீஸும் ஏத்துக்கல. பாடம் நடத்தியவரே பரீட்சை வைத்து, அவரே கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஆகவே, தேர்வு நடத்துவது யார் என்று முதலில் கேளுங்கள். அரசுத் தட்டச்சர் வேலைக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கணினிச் சான்றிதழ் வேண்டும். மத்திய அரசின் நீலிட் நடத்தும் 'ஓ' லெவல் தேர்வும் இருக்கிறது. தினம் எத்தனை மணி நேரம் மெஷின் நம்ம கைக்கு வரும்? அதையும் கேளுங்க. கட்டுற காசுக்கு ரசீது வாங்குங்க. அசல் மார்க் ஷீட்டை, சாதிச் சான்றிதழை மட்டும் அவங்ககிட்ட விட்டுட்டு வராதீங்க.

அடகு வைக்க இன்னொரு கம்மல் நம்ம வீட்டில் இல்லை. கேட்டுவிட்டே கட்டுவோம்.