26 நாளும் ஒரு பற்றுச்சீட்டும்

(வாசிகசாலை ஆண்டு விழாவொன்றில் ஆற்றிய உரை)



நாவலாசிரியன் ஒருவன் தன் ஓராண்டு உழைப்பைத் திரும்பிப் பார்ப்பது பற்றிப் பேசுமாறு விழாவினர் எம்மைப் பணித்தனர். நாம் நாவலாசிரியரல்லோம், வழக்குக் கட்டுகளுக்கும் கட்சிக் கூட்டங்களுக்கும் இடையே நாளைக் கழிப்பவர். எனவே எமக்குப் பழக்கமான வாசல் வழியாகவே இவ்விடயத்துள் நுழைகின்றோம். அந்த வாசல் ஓர் ஒப்பந்தப் பத்திரம்.

ரஷ்ய எழுத்தாளர் தாஸ்தாயெவ்ஸ்கிக்கு 1866ஆம் ஆண்டு எவ்வாறு கழிந்ததென்பதைப் பாருங்கள். 1864இல் மனைவி மாண்டார். சில திங்களில் தமையனும் மாண்டார். தமையன் நடத்திய சஞ்சிகையின் கடன்களைத் தம் தலைமேல் ஏற்றார் இவர். அச்சஞ்சிகையும் 1865இல் நின்றது. கடன்காரர் சிறைக்கு அனுப்புவோமென மிரட்டிய வேளையில் ஸ்ரெலோவ்ஸ்கி என்னும் பதிப்பாளர் 3,000 ரூபிளுடன் வந்தார். எழுதிய நூல்களனைத்தையும் ஒரு முறை பதிப்பிக்கும் உரிமை அவருக்கு. அதற்கு மேல் 1866 நவம்பர் 1ஆந் தேதிக்குள் ஒரு புது நாவல் வேண்டும். அந்நாவல் வராவிடின், அடுத்த 9 ஆண்டுகளில் அவ்வெழுத்தாளர் எழுதும் எதனையும் ஒரு காசும் கொடாது பதிப்பிக்கலாம்!

இத்தகைய நிபந்தனையை வரைந்தவன் கைதேர்ந்தவன் என்பதில் எமக்கு ஐயமில்லை. அவனுக்கு வேண்டியது நாவலன்று. நாவல் வராமற் போவதே வேண்டும். எழுத்தாளரின் கடன் பத்திரங்களை அப்பதிப்பாளரே ஆள் வைத்து மலிவாக வாங்கியிருந்தாரென்றும், கொடுத்த பணத்திற் பெரும்பகுதி அவர் பைக்கே திரும்பிற்றென்றும் அன்னா அம்மையார் தம் நினைவுக் குறிப்புகளிற் கூறுகின்றார். வட்டிக்கடைகளை அறிந்த நம்மவருக்கு இவ்வித்தை புதிதன்று.

இனி அவ்வாண்டின் உழைப்பு. 'குற்றமும் தண்டனையும்' ஜனவரி முதல் 'ரஷ்யத் தூதன்' சஞ்சிகையில் வெளிவரத் தொடங்கிற்று. அதற்கு முன்னரே பெருமளவு எழுதி முடித்த பிரதியொன்றைத் திருப்தியின்றி எரித்துவிட்டுப் புதிதாய்த் தொடங்கியவர் அவர். கடன்பட்டவன் எரிக்கின்ற காகிதம் சாதாரண காகிதமன்று, நண்பர்களே! கோடையில் மொஸ்கோவுக்கு அண்மையில் லியூப்லினோவிலே தங்கினார். சஞ்சிகை ஆசிரியர் ஓர் அத்தியாயத்தை ஏற்க மறுத்தமையால் அதனைத் திருத்தியெழுத நேர்ந்தது. அவ்வேளை எழுதிய மடலொன்றில் தம் நிலையைத் தாமே எண்ணிப் பார்க்கின்றார்: காலையில் ஒரு நாவலும் மாலையில் மற்றொரு நாவலுமாக, நான்கு மாதத்தில் இரண்டையும் முடிக்கப் போகின்றாராம். தம் நாட்டு எழுத்தாளர் எவரும் இந்நிலையில் எழுதியதில்லையென்று அவர் கூறும்போது அதிலே முறைப்பாடும் உண்டு, சிறிது பெருமையும் உண்டு.

ஆனால் ஒக்டோபர் பிறந்தும் இரண்டாம் நாவலில் ஒரு வரியும் இல்லை. நண்பர்கள் ஆளுக்கொரு பகுதியை எழுதித் தருவதாக முன்வந்தனர். பிறர் எழுத்தின் கீழ்த் தம் பெயரை இடேன் என அவர் மறுத்தார். அனைத்தையும் இழக்கும் விளிம்பில் நின்ற மனிதர் கூறிய மறுமொழி இது. நூறு மேடைப் பேச்சினும் இம்மறுமொழி எமக்குப் பெரிதாகப் படுகின்றது.

பின்னர் சுருக்கெழுத்து வகுப்பு மாணவி ஒருவர் வந்தார்: அன்னா, வயது 20. ஒக்டோபர் 4ஆந் தேதி தொடங்கினர். இவர் சொல்ல அவர் குறிப்பெடுத்து, இரவில் வீட்டிலிருந்து விரித்தெழுதி மறுநாட் கொணர்வார். 26 நாளில் 'சூதாடி' முடிந்தது. சூதாட்ட மேசையில் பணத்தை மீண்டும் மீண்டும் தொலைத்தவரே சூதாடியின் கதையைக் கூறினார்.

பிரதியுடன் சென்றால் பதிப்பாளர் ஊரில் இல்லை! அவர் பணியாளரோ ஏற்க மறுத்தார். இவ்வாறு நிகழக்கூடுமென அன்னாவின் தாயார் முன்னரே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு வைத்திருந்தார். நொத்தாரிசிடமோ அப்பகுதிப் பொலிஸ் அதிகாரியிடமோ ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெறுக என்பது அவர் கூறிய ஆலோசனை. நொத்தாரிசின் நேரம் கடந்துவிட்டது. பொலிஸ் அதிகாரிக்காகக் காத்திருந்து, இரவு 10 மணிக்குப் பற்றுச்சீட்டுக் கையில் வந்தது. தவணை முடிய இரண்டே மணி! எம் தொழிலைப் பழிப்போர் அந்த வழக்கறிஞரையும் சற்று நினைத்துக்கொள்க.

'குற்றமும் தண்டனையும்' இறுதிப் பகுதியையும் அன்னாவே எடுத்தெழுதினார். டிசம்பர் இதழோடு அது நிறைவுற்றது. 1867 பெப்ரவரியில் இருவரும் மணம் புரிந்தனர்.

அவரைத் தெய்வமாக்க நாம் வரவில்லை. 1849இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் சைபீரியச் சிறையில் நான்காண்டு கிடந்த அம்மனிதரே, 1863இல் விடுதலை கோரி எழுந்து நசுக்கப்பட்ட போலந்து மக்களை அதே 'சூதாடி'யில் ஏளனஞ் செய்கின்றார். பேரினத்தின் பெருமிதம் பெரும் புலவனையும் விட்டுவைப்பதில்லை. போலந்துக்காரர் அந்நூலை எம்மனத்துடன் படிப்பரென்பதை நாம் சொல்லாமலே நீவிர் அறிவீர்.

எனினும் அந்த ஒப்பந்தம் எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. இந்நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியரின் உரிமையை அவர் ஆயுட்காலமும் மறைவுக்குப்பின் 70 ஆண்டும் காக்கின்றது. ஆனால் பொருள்தரும் அவ்வுரிமையை எழுத்து மூலம் பிறருக்கு ஒப்படைக்கவும் அதே சட்டம் இடமளிக்கின்றது. எம்மிடம் ஒரு கதாசிரியர் வந்தார். தாம் கையொப்பமிட்ட தாளில் என்ன எழுதியிருந்ததென்பதே அவருக்குத் தெரியாது. புத்தகம் வருகின்றதென்ற மகிழ்ச்சியில் ஒப்பமிட்டாராம். அத்தாளின் பிரதிகூட அவரிடம் இல்லை. நாம் என்ன செய்ய முடியும்?

அன்னா அம்மையார் செய்ததைக் கேளுங்கள். 1873இல் கணவரின் 'பேய்கள்' நாவலைப் பதிப்பாளரிடம் கொடாமல் தம் வீட்டிலிருந்தே 3,500 பிரதிகள் வெளியிட்டார். காகிதக் கடைக்கும் அச்சகத்துக்கும் தாமே சென்று விலை விசாரித்தார். புத்தகக் கடைக்காரரிடம் கழிவுக் கணக்குப் பேசினார். இவ்வூரிலும் நான்கு எழுத்தாளர் கூடி அவ்வாறு ஒரு பதிப்பகம் தொடங்குவராயின், அதற்கான பத்திரத்தை நாம் கூலியின்றி எழுதித் தருவோம். அதுவரை, எவரேனும் ஒரு தாளை நீட்டி ஒப்பமிடச் சொன்னால், ஒரு நாட் தவணை கேட்டு அதனை எம் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் வீட்டிலேயே இருப்போம்.